எஞ்சினின் மறுபக்கம்

ஏறத்தாழ 20 ஆண்டுகள் நான் சிறு படகுகளோடு பழகியவன். முதலில் 14 அடி நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்று, பின்சுவருக்கு வெளியே மாட்டி, கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் சிறிய அவுட்போர்டு எஞ்சினோடு இருந்தது. அதன் பிறகு 115 குதிரைத்திறன் அவுட்போர்டு பூட்டிய 19 அடி ஃபைபர் படகு வந்தது. இரண்டையும் டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடலாம். எஞ்சின் மூடியைக் கழற்றிவிட்டால் எல்லாப் பாகங்களும் கண்ணெதிரே நிற்கும்; சுற்றிவந்து எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். படகைப் பராமரிக்க எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை இப்படித்தான் வளர்ந்தது. படுத்துறங்க அறையும் இரண்டு எஞ்சின்களும் உள்ள 30 அடி கேபின் குரூசர் ஒன்றைப் பழையதாக வாங்க முடிவெடுத்தபோது, இதுவரை செய்ததையே இன்னும் கொஞ்சம் பெரிய அளவில் செய்யப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர், வாங்கும் முன் படகைச் சோதித்துச் சொல்ல நான் கூலிக்கு அமர்த்திய படகு சர்வேயர். அவர் கலைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போகும் பெரும்பாலானவை அந்த ஒரு நிமிடத்திலிருந்து கிளைத்தவைதான்.

நான் வாங்க விரும்பிய முதல் படகு பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. மெத்தைகள் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தன, மரவேலைப்பாடு மின்னியது, சிறிய சமையலிடத்தில் ஒரு கறைகூட இல்லை. என் மனைவி கேபினுக்குள் இறங்கி, எந்த அலமாரியில் எதை வைப்பது என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள். விற்பவர் எஞ்சின் அறையின் மூடியைத் தூக்கிக் காட்டினார். 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு வி8 பெட்ரோல் எஞ்சின்கள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவு இடைவெளி விட்டு, அக்கம்பக்கமாக உட்கார்ந்திருந்தன. வண்ணம் புதிது, துரு தெரியவில்லை. எனக்குத் திருப்தியாகிவிட்டது. சர்வேயர் மட்டும் இறங்கி அந்த இடைவெளியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, “இப்படி வந்து நில்லுங்கள். வலது எஞ்சினின் அந்தப் பக்கத்தில் உங்கள் கையை வையுங்கள் பார்ப்போம்” என்றார்.

என்னால் முடியவில்லை. தோள் வரை நுழைத்தும், விரல் நுனிக்கும் நான் தொட வேண்டிய பாகத்துக்கும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. “உங்களால் முடியாவிட்டால் இவருக்கும் முடிந்திருக்காது” என்று விற்பவரைக் கண்ணால் காட்டிவிட்டு, நீண்ட கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியையும் கைவிளக்கையும் எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டு எஞ்சின்கள் அக்கம்பக்கமாக இருக்கும்போது அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் ஆலையிலிருந்து வருபவை ஒரே வார்ப்பில் உருவான ஒரே மாதிரி எஞ்சின்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினின் வலப்பக்கத்தில் இருந்தால் இரண்டிலும் வலப்பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இடது எஞ்சினின் ஸ்டார்ட்டர் நடு இடைவெளியைப் பார்த்து, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். வலது எஞ்சினின் ஸ்டார்ட்டரோ படகின் உடற்கூட்டுச் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அடியில் ஒளிந்திருக்கும். வி8 எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் நான்கு சிலிண்டர்கள். இரண்டு எஞ்சின்களுக்கும் சேர்த்து 16 ஸ்பார்க் பிளக்குகள். அவற்றில் 8 சுவரைப் பார்த்தவை. எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் நான்கில் இரண்டு சுவரைப் பார்த்தவை. நல்ல மனிதர், கவனமான உரிமையாளர், ஆண்டுதோறும் பிளக் மாற்றுபவர் என்றே வைத்துக்கொண்டாலும், முதுகு வலிக்கும் ஒரு மாலையில் அந்த 8 பிளக்குகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருப்பார். அடுத்த ஆண்டும் அதே முதுகுதான்.

அந்தப் படகின் மறுபக்கம் அப்படித்தான் இருந்தது. உட்பக்க மேனிஃபோல்டுகள் புதியவை. வெளிப்பக்கத்தவை இணைப்பில் துருக்கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன. அதைவிட மோசமாக, வலது எஞ்சினின் ஸ்டார்ட்டர் கார்களுக்கானது. படகில் பயன்படும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை உள்ளே எழும் தீப்பொறி வெளிக்காற்றைத் தொடாதபடி மூடப்பட்டவை. காரில் எஞ்சினுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டிருப்பதால் அங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகின் அடிக்குழியான பில்ஜில் அது தண்ணீரைப் போலத் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். விலை குறைவு என்று யாரோ மாட்டிவிட்ட அந்த ஒரு பாகத்தைக் கண்டதும் சர்வேயர் குறிப்பேட்டை மூடிவிட்டார். அந்தப் படகை நாங்கள் வாங்கவில்லை. மனைவிக்கு வருத்தம்தான். சர்வேயருக்குக் கொடுத்த கூலி வீண் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் அந்த ஆண்டில் செய்த செலவுகளிலேயே அதுதான் உருப்படியானது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவுட்போர்டிலிருந்து வருபவர்களுக்கு அது பழக்கமில்லாத ஆபத்து. இத்தகைய எஞ்சின்களில் எரிந்த வாயு வெளியேறும் குழாயைச் சுற்றி நீர் ஓடும் உறை ஒன்று உண்டு. அதன் மேலே ரைசர் என்னும் வளைவில் அந்த நீர் புகையோடு கலந்து பின்பக்கமாக வெளியேறும். கடல் நீர் ஓடும் வார்ப்பிரும்பு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பூசிய வண்ணம் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் உள்சுவர் மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் அந்தச் சுவர் ஓட்டையானால் நீர் பின்னால் போவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அழுத்த முடியாது. எஞ்சின் அப்படியே இறுகிப்போகும், அல்லது உள்ளே துரு பிடித்துச் செத்துப்போகும். கடல் நீரில் இவற்றை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது வழக்கம். எனவே “எப்போது மாற்றினீர்கள், இரண்டு பக்கமுமா, ரசீது இருக்கிறதா” என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுபவர்களை நான் பிறகு நிறையப் பார்த்தேன். எஞ்சினுக்குள் நன்னீரும் கூலன்ட்டும் மட்டும் சுழன்று, கடல் நீர் வெப்பமாற்றியோடு நின்றுவிடும் மூடிய குளிர்விப்பு முறை இருந்தால் எஞ்சினின் உடல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பல எஞ்சின்களில் அப்போதும் ரைசர் வரை கடல் நீர் வந்தே தீரும்.

நான்கு மாதத் தேடலில் ஏழு படகுகள் பார்த்து, எட்டாவதை வாங்கினேன். அது 18 வயதான படகு, மெத்தைகள் கிழிந்தவை, கேபினில் ஒரு விளக்கு எரியவில்லை. ஆனால் எஞ்சின் அறையில் ஒரு பழைய நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எந்த மணிக்கணக்கில் எந்த எஞ்சினுக்கு என்ன செய்யப்பட்டது என்று, “வலது”, “இடது” எனத் தனித்தனிப் பத்திகளில், எண்ணெய்க் கறை படிந்த எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. கண்ணாடியை நுழைத்துப் பார்த்தபோது சுவரை ஒட்டிய பக்கமும் உட்பக்கமும் ஏறத்தாழ ஒரே வயதில் இருந்தன. கிழிந்த மெத்தைகளைப் பார்த்து மற்றவர்கள் திரும்பிப் போனதால்தான் அது எனக்குக் கிடைத்தது.

எஞ்சின்களைச் சோதிக்கப் போகும் நாளில் விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: நாங்கள் வருவதற்கு முன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். போனவுடன் இரண்டின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தன. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, முதல் நிமிடத்தில் என்ன நிறத்தில் புகைவிடுகிறது என்பவை அது சொல்லும் உண்மைகள். சூடேற்றி வைத்துவிட்டால் அவற்றை அது மறைத்துவிடும். மெக்கானிக் 16 சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளந்தார். தனி எண் எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொரு எஞ்சினின் எட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையே அவர் பார்த்தார். பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் அவருக்கு மனநிறைவு. இதிலும் ஒரு தந்திரத்தை முந்தைய படகு ஒன்றில் கண்டிருந்தேன்: உட்பக்கத்து 8 சிலிண்டர்களை மட்டும் அளந்துவிட்டு “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். தாளில் எட்டு எண்களைக் கண்டவுடன் கேட்கத் தோன்ற வேண்டும்.

பிறகு நீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். முழு வேகத்தில் அந்த எஞ்சின்கள் நிமிடத்துக்கு 4400 முதல் 4800 சுற்றுகளை எட்ட வேண்டும் என்பது தயாரிப்பாளர் குறித்த வரம்பு. இடது எஞ்சின் 4600ஐத் தொட்டது. வலது எஞ்சின் 4100இல் நின்றுவிட்டது. ஒற்றை எஞ்சின் படகில் இப்படி நடந்தால் படகே மந்தமாகிவிடும், நமக்கு உடனே தெரிந்துவிடும். இரட்டை எஞ்சினில் வலுவானது மெலிந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். படகு வேகமாகத்தான் போகிறது. ஆனால் ஒரு எஞ்சின் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. அதனால் வேகத்தை மட்டும் பார்த்து மகிழாமல் சுற்றைக் காட்டும் இரண்டு டாக்கோமீட்டர்களையும் அருகருகே பார்க்க வேண்டும். முடிந்தால் தனி டாக்கோமீட்டர் ஒன்றால் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய கருவிகள் பொய் சொல்வதும் உண்டு.

சுற்று குறைவதற்குக் காரணம் பல இருக்கலாம்: புரொப்பெல்லரின் பிட்ச் (இறகின் சாய்வு) மாறியிருக்கலாம், அடிப்பாகத்தில் சிப்பி படிந்திருக்கலாம், எஞ்சினே களைத்திருக்கலாம். எங்கள் படகில் காரணம் அற்பமானது. நோட்டை அவ்வளவு ஒழுங்காக எழுதியவருக்கும் ஒரு கை எட்டாத இடம் இருந்தது. வலது எஞ்சினின் நீர் பிரிக்கும் எரிபொருள் வடிகட்டி சுவர்ப் பக்கத்தில், எண்ணெய் டாங்கின் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. அதில் எழுதியிருந்த தேதி இடது வடிகட்டியின் தேதியைவிட மூன்று ஆண்டுகள் பழையது. அதை மாற்றிவிட்டு மறுநாள் ஓட்டினோம். இரண்டும் 4600. மெக்கானிக் சிரித்தார், நான் விலையில் பேசிக் குறைக்க வைத்திருந்த துருப்புச் சீட்டு போய்விட்டதே என்று அரை மனதோடு சிரித்தேன்.

உடற்கூட்டைச் சோதித்த கதை சுருக்கமானது. படகைத் தூக்கிக் கரையில் நிறுத்தி, சர்வேயர் பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். உறுதியான ஃபைபர் ‘டக்’ என்று ஒலிக்கும். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள பால்சா மரமோ பிளைவுட்டோ நீரில் ஊறி அழுகியிருந்தால் ஒலி மந்தமாகும். கைப்பிடிக் கம்பிகள், நங்கூர உருளை, ஜன்னல் சட்டம் என்று எங்கெல்லாம் திருகாணி இறங்கியிருக்கிறதோ அங்கெல்லாம்தான் நீர் நுழைகிறது. பெரிய பரப்புகளைவிட அந்தச் சிறு துளைகளைச் சுற்றியே அவர் அதிக நேரம் செலவிட்டார். அடியில் சில கொப்புளங்கள் இருந்தன. அவை அழகுக் குறை, அவசரமில்லை என்றார். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் கையால் திருப்பிப் பார்த்தார், இரண்டு அசையவில்லை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே இருந்தால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் நீர் உள்ளே வரும். பில்ஜ் பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணோ குழாயின் ஏற்றமும் வளைவும் இல்லாமல் அளந்தது. படகில் அது அவ்வளவு இறைக்காது. ஆகவே மூட முடியாத வால்வு என்பது சிறிய குறை அல்ல. அந்த இரண்டையும் விற்பவர் செலவிலேயே மாற்றச் செய்தோம்.

எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் படகு என்பதால் இன்னொரு பாகம். எஞ்சினிலிருந்து வெளியே உள்ள டிரைவுக்குச் சக்தி கடத்தும் தண்டு, படகின் பின்சுவரில் ஒரு பெரிய துளை வழியாகப் போகிறது; அந்தத் துளையைக் காப்பது துருத்தி போன்ற ஒரு ரப்பர் உறை, பெல்லோஸ். அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது கிழிந்தால் கட்டிவைத்த இடத்திலேயே படகு மூழ்கலாம். டிரைவை முழுக்கத் திருப்பி, மடிப்புகளை விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றிவிடுவதே வழி. நான் இரண்டையும் முதல் மாதத்திலேயே மாற்றினேன். டிரைவின் உடல் அலுமினியம் என்பதால் அடிப்பாகத்துக்குப் பூசும் செம்புச் சத்துள்ள வண்ணத்தை அதில் பூசக்கூடாது. இரண்டு உலோகங்களும் கடல் நீரும் சேர்ந்து மின்கலமாகி அலுமினியத்தைத் தின்றுவிடும். தன்னைத் தேய்த்துக்கொண்டு டிரைவைக் காப்பாற்றும் ஆனோடுக் கட்டிகளும் நீருக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்: கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், நன்னீருக்கு மெக்னீசியம்.

வாங்கிய பிறகு, விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். முதல் ஆண்டு முடிவதற்குள் அது கரைந்துவிட்டது. எஞ்சின் இரண்டு என்றால் இம்பெல்லர் (குளிர்விக்கும் நீரை இழுக்கும் ரப்பர் இறகுச் சக்கரம்) இரண்டு, பெல்ட் இரண்டு தொகுதி, எண்ணெய் மாற்றம் இரண்டு முறை என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதற்கு ஆகும் நேரம் முதலாவதற்கு ஆகும் நேரத்துக்குச் சமமாக இராது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

இனி ஓட்டுவதைப் பற்றி. 19 அடிப் படகில் நான் பெருமைக்குரிய ஓட்டி. ஒரே கையால் சுக்கானைத் திருப்பி, சற்று வேகம் கொடுத்து, படகுத்துறையை முத்தமிட்டு நிற்பேன். முழங்கையால் தள்ளினால் தள்ளியபடி நகரும் படகு அது. புதிய படகின் எடை ஏறத்தாழ 5 டன். முதல் நாள் பழைய வழக்கப்படி, கட்டுமிடத்தை நெருங்கும்போது சுக்கானை முழுக்கத் திருப்பி ஒரு எஞ்சினுக்கு வேகம் கொடுத்தேன். படகு யோசித்தது, யோசித்து முடித்துத் திரும்பத் தொடங்கியபோது என் தேவைக்கு மேலாகத் திரும்பியது. அதற்குள் பக்கவாட்டுக் காற்று உயரமான முன்பகுதியைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் படகின் உரிமையாளர் மோதலைத் தாங்கும் தன் ஃபெண்டர் ஒன்றைக் குறுக்கே நீட்டியதால் மானம் தப்பியது. ஓர் எஞ்சின் படகில் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் அதை அன்றே விட்டுவிட வேண்டும். 5 டன்னுக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் கை நசுங்கும்.

அடுத்த வாரம் காற்றில்லாத ஒரு காலையில், திறந்த நீரில் ஒரு மிதவையை நட்டுவைத்து மூன்று மணி நேரம் பழகினேன். சுக்கானை நடுவில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுவது முதல் பாடம். பிறகு வேகக் கட்டையைத் தொடாமல், கியர்களை மட்டும் பயன்படுத்துவது. இடது எஞ்சினை முன்னோக்கியும் வலது எஞ்சினைப் பின்னோக்கியும் போட்டால் அணியம் (முன்பகுதி) வலப்பக்கம் சுழலும். மாற்றிப் போட்டால் இடப்பக்கம். இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் ஒன்றின் பக்க இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் ஸ்டெர்ன்டிரைவ் படகில் இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் இடையே தூரம் குறைவு. அடியில் அகலமாகத் தண்டு பொருத்திய படகுகளைப் போல நின்ற இடத்தில் பம்பரமாகச் சுழலும் என்று எதிர்பார்க்கக்கூடாது. கியரைப் போட்டு, இரண்டு எண்ணி, நியூட்ரலுக்கு வந்து, படகு பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. சிறு படகு கேட்டவுடன் பதில் சொல்லும் குழந்தை; இது ஒரு முறை கனைத்துவிட்டுப் பேசும் பெரியவர்.

காற்றில் பின்னோக்கிப் போவது எளிது என்பதைப் பிறகு காற்றடித்த ஒரு நாளில்தான் கண்டேன். ஆழம் குறைந்த, இலேசான முன்பகுதியைக் காற்று எப்போதும் தள்ளிவிடப் பார்க்கிறது. பின்பகுதியில் எஞ்சின்களின் எடையும் டிரைவுகளும் நீரைப் பிடித்திருக்கின்றன. பின்பகுதியைக் காற்றை நோக்கித் திருப்பி மெல்லப் பின்வாங்கினால், முன்பகுதி காற்றாடியின் வாலைப் போலப் பின்தொடர்ந்து வருகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, குறுகிய கட்டுமிடங்களில் நுழைவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைத்தான்.

எரிபொருள் விஷயத்தில் கற்பனைக்கு இடமே இல்லை. ஒரு பருவம் முழுக்க அளந்த கணக்கு இது: 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகத்தில், இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 80 லிட்டர், அதாவது ஒரு கடல் மைலுக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 6 நாட்டில் மெதுவாகப் போனால் மைலுக்கு இரண்டரை லிட்டர் போதும். இரண்டுக்கும் நடுவே, 10 அல்லது 11 நாட்டில், படகு நீர்மேல் எழவும் முடியாமல் நீருக்குள் அமரவும் முடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறது. அங்கே மைலுக்கு 5 லிட்டர் போனது. மிதமாகப் போகிறோம் என்ற நினைப்பில் அந்த வேகத்திலேயே பல மணி நேரம் போயிருக்கிறேன். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள உடற்கூட்டுக்குத் தடையின்றிப் போகக்கூடிய வேகம் ஏறத்தாழ 6.7 நாட்தான், அதற்குக் கீழே இருங்கள், இல்லாவிட்டால் முழுதாக எழுந்துவிடுங்கள். டாங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்ற பழைய கணக்கைச் சிறு படகில் நான் மதித்ததில்லை. இப்போது மதிக்கிறேன்.

ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதுதான் இரட்டை எஞ்சினை விற்பவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். அது பாதி உண்மை. இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை, கரையிலிருந்து 9 மைல் தொலைவில் இடது எஞ்சின் சூடாகி எச்சரிக்கை மணி அடித்தது, நிறுத்திவிட்டேன். இம்பெல்லரின் இறகுகள் மூன்று உடைந்திருந்தன. வலது எஞ்சின் மட்டும் இருந்தபோது படகு நீர்மேல் எழவே இல்லை; 6 நாட்டுக்கு மேல் போகவில்லை. நின்றுபோன புரொப்பெல்லர் நீரில் நங்கூரம் போல இழுத்தது, சுக்கானைச் சற்றுத் திருப்பியே வைத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் படகில் பவர் ஸ்டீயரிங் பம்பு ஒரே எஞ்சினில்தான் பூட்டப்பட்டிருந்தது என்பதும், அது இடது எஞ்சின் என்பதும், சுக்கான் கல்லாய் இறுகியபோதுதான் என் மண்டையில் ஏறியது. துறைக்குள் நுழைந்தபோது இன்னொரு கஷ்டம்: ஒரு எஞ்சினால் ஒரு பக்கம் மட்டுமே எளிதாகத் திரும்ப முடிகிறது. எளிதில் அணுகக்கூடிய வெளிமுனையில் அன்றிரவு கட்டிவிட்டோம். வீட்டுக்கு வந்தோம் என்பது உண்மைதான். அதன் பிறகு, எதுவும் பழுதாகாத நல்ல நாட்களில், மாதம் ஒருமுறை ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டிப் பழகுகிறேன்.

உடைந்த இறகுத் துண்டுகளைத் தேடி எடுக்க ஒரு நாள் ஆனது. அவை நீரோட்டத்தோடு போய் வெப்பமாற்றியின் வாயில் அடைத்திருந்தன. புதிய இம்பெல்லரை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருந்தால் எஞ்சின் மறுபடி சூடாகியிருக்கும். மேலும், இரண்டு எஞ்சின்களையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடிய காரணங்களும் உண்டு: ஒரே பம்பில் இரண்டு டாங்குகளுக்கும் நிரப்பிய நீர் கலந்த பெட்ரோல், ஒரே சுவிட்சில் கட்டி இரவெல்லாம் விளக்கெரித்துத் தீர்த்த பேட்டரிகள். எஞ்சின் கிளப்புவதற்கான பேட்டரிகளைக் குளிர்பெட்டிக்கும் விளக்குக்குமான பேட்டரியிலிருந்து நான் முழுதாகப் பிரித்துவிட்டேன்.

கேபினில் உறங்குவது என்பது சிறு படகில் இல்லாத ஆபத்தையும் கூடவே கொண்டுவருகிறது. கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் புளோயரை ஓட்டி எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றுகிறேன். அதற்கு முன் மூடியைத் திறந்து மோந்தும் பார்க்கிறேன், ஏனென்றால் புளோயர் ஆவியைத்தான் நீக்கும், கசிந்து தேங்கிய பெட்ரோலை நீக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போகும்போது, படகின் பின்னால் உருவாகும் வெற்றிடம் புகையைத் திருப்பி உள்ளே இழுத்துவிடுகிறது. ஒருநாள் மகளுக்குத் தலைவலி என்றபோது கடல்நோய் என்று நினைத்தோம். கேபினில் இருந்த பழைய எச்சரிக்கைக் கருவியின் ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது. அன்று முன்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டுக் கரைக்கு வந்தோம். மறுநாள் இரண்டு புதிய கருவிகள் மாட்டினேன். படகு வாங்கிய நாளன்றே மாட்டியிருக்க வேண்டியவை அவை.

கழிவறை நாற்றத்தைப் பற்றி ஒரு வரி: கழிவுக் குழாயை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை மோந்து பாருங்கள். துணி நாறினால் குழாயே ஊறிப்போயிருக்கிறது. எந்த மருந்தும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஆண்டு மேனிஃபோல்டுகளும் ரைசர்களும் மாற்ற வேண்டிய ஆண்டு. உட்பக்கத்து இரண்டையும் அரை நாளில் முடித்துவிட்டேன். வெளிப்பக்கத்து இரண்டுக்கும், சுவரில் முழங்கைத் தோலை விட்டுவிட்டு, இரண்டு நாள் ஆனது. கடைசித் திருகாணியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை; கண்ணாடிக் கம்பியை மகள் பிடித்துக்கொள்ள, அவள் “இன்னும் கொஞ்சம் இடது, அப்பா” என்று சொல்லச் சொல்ல முறுக்கினேன். முடித்தபின் வெள்ளை வண்ணப் பேனாவால் தேதியை எழுதினேன், கண்ணாடி நுழைத்துப் பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும் இடத்தில், எழுத்துகளைத் தலைகீழாகத் திருப்பாமல், கண்ணாடியில் நேராகப் படிக்கும்படி இடம்வலமாக மாற்றி.